ஆஸ்கர் அகாடமிக்கு ஒரு திறந்த மடல்: ஸ்டண்ட் விருது கொடுக்கும் முன் ப்ரீஸி ஈசன் கணக்கை முடியுங்கள்

அகாடமியின் ஆளுநர் குழுவில் இருக்கும் மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். 2025 ஏப்ரலில் நீங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தோம். ஸ்டண்ட் வடிவமைப்புக்கு இனி தனி ஆஸ்கர் உண்டு. 2027-இல் வெளியாகும் படங்களில் தொடங்கி, 2028-இல் நடக்கும் நூறாவது விழாவில் முதல் சிலை கைமாறும் என்கிறீர்கள். மகிழ்ச்சி. தாமதம் என்று குத்திக்காட்ட எங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் ஊர்ப் படங்களின் டைட்டிலில் 'சண்டைப் பயிற்சி' என்று தனியாகப் பெயர் போடுவது பல பத்தாண்டு வழக்கம். இந்திய அரசின் தேசிய விருதுகளிலேயே 64-ஆவது ஆண்டில் இந்தப் பிரிவு வந்துவிட்டது. ஆனாலும் நாங்கள் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. விருதை யார் கையில் கொடுப்பீர்கள் என்பதுதான் எங்கள் கவலை. ஏனென்றால், இதே மாதிரி ஒரு சிலையை நீங்கள் 1937 மார்ச் 4 அன்று ஒருமுறை கொடுத்திருக்கிறீர்கள். ப்ரீஸி ஈசன் என்ற இயக்குநருக்குச் சேர வேண்டிய அது போய்ச் சேர்ந்த கை வேறு.

அப்போது உங்களிடம் 'உதவி இயக்குநர்' என்று ஒரு பிரிவு இருந்தது. ஐந்து விழாக்களோடு அது நின்றுபோனது. ஒன்பதாவது விழாவில் அந்த விருது ஜாக் சல்லிவனுக்குப் போனது. படம் 1936-இன் 'தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்', இயக்கம் மைக்கேல் கர்ட்டிஸ், கதாநாயகன் எரல் ஃப்ளின். சல்லிவனை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. நூற்றுக்கணக்கான குதிரைகளையும் ஆட்களையும் விடியற்காலையில் ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது லேசுப்பட்ட வேலையா? ஆனால் அந்தப் படத்தை இன்றும் எவராவது பார்க்கிறார் என்றால், கடைசியில் வரும் அந்தக் குதிரைப்படைப் பாய்ச்சலுக்காகத்தான் பார்க்கிறார். அதை இயக்கியவரின் பெயர் படத்திலேயே 'குதிரைக் காட்சிகளின் இயக்குநர்' என்ற பட்டத்தோடு வருகிறது: பி. ரீவ்ஸ் ஈசன். அவருக்கு உங்கள் மேடையில் இடம் கிடைக்கவில்லை. சிலையைக் கொடுக்க அன்று உங்களிடம் ஒரு பிரிவு இருந்தது, படமும் இருந்தது. 'திட்டம் போட்டது யார்' என்று கேட்கும் விதி மட்டும் இல்லை.

ஈசன் 1886-இல் பிறந்தவர், 1956-இல் காலமானார். 'ப்ரீஸி' என்பது செல்லப்பெயர். சில படங்களில் அதையே டைட்டிலிலும் போட்டுக்கொண்டார். சாண்டா பார்பராவில் இருந்த அமெரிக்கன் கம்பெனியில் ஒரு ரீல், இரண்டு ரீல் குறும்படங்கள் எடுத்துத் தொழிலுக்கு வந்தார். பிறகு யுனிவர்சலில் ஹாரி கேரியை வைத்து வெஸ்டர்ன்கள், அதாவது கௌபாய் படங்கள். 1920-இல் ஆர்ட் ஏக்கார்டு நடித்த 18 அத்தியாய சீரியல் (தியேட்டரில் அத்தியாயம் அத்தியாயமாக ஓட்டிய தொடர்படம்) 'தி மூன் ரைடர்ஸ்'. இருபதுகளின் கடைசியில் ஹூட் கிப்சன் படங்கள். இவற்றை எடுத்த இயக்குநர் என்று மட்டும் பார்த்தால் அவரைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. வேகமாக எடுப்பார், செலவு ஏறாது, நடிகர்களிடம் நுணுக்கமாக எதையும் வாங்க மாட்டார். அவருடைய முழுநீளப் படங்களைத் தூக்கிப்பிடிக்க இந்த மடல் எழுதப்படவில்லை. ஆனால் நாற்பது குதிரைகளையும் பத்து கேமராக்களையும் கொடுத்து ஒரு மைதானத்தில் விட்டால் அவர் வேறு ஆள்.

1925-இன் 'பென்-ஹர்' தேர்ப்பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்டரில் இருப்பது ஃப்ரெட் நிப்லோவின் பெயர். பந்தயக் களத்தில் இருந்தது ஈசன். ரோமில் தொடங்கிய படப்பிடிப்பு தாறுமாறாகி, இயக்குநரும் கதாநாயகனும் மாற்றப்பட்டு, எல்லாரும் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பிய பிறகு, லா சியனேகா, வெனிஸ் சாலைகள் சந்திக்கும் இடத்தில் களத்தைப் புதிதாகக் கட்டினார்கள். பார்வையாளர் மாடத்தின் கீழ்ப்பகுதி மட்டும்தான் நிஜக் கட்டடம். மேலடுக்குகள் கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்ட சிறிய மாதிரி. அதில் எழுந்து கையாட்டும் குட்டி பொம்மைகள் இருந்தன. மாதிரியின் கீழ் விளிம்பும் நிஜச் சுவரின் மேல் விளிம்பும் லென்ஸில் ஒரே கோட்டில் விழ வேண்டும். கேமரா ஒரு விரற்கடை நகர்ந்தாலும் மாடம் பிளந்து தெரியும். ஆகவே அந்த ஷாட்டுகளில் கேமரா அசையக் கூடாது. அசைகிற ஷாட்டுகள் எல்லாவற்றிலும் மாடத்தின் உச்சி ஃப்ரேமுக்கு வெளியே இருக்க வேண்டும். பந்தயம் ஏன் பெரும்பாலும் சக்கரத்தின் உயரத்திலேயே எடுக்கப்பட்டது என்பதற்குப் பாதிக் காரணம் இதிலேயே கிடைத்துவிடும்.

மொத்தம் பன்னிரண்டு தேர்கள். தேருக்கு நான்காக நாற்பத்தெட்டுக் குதிரைகள். பெரிய நாளன்று 42 கேமராக்கள் ஓடின. தரையில் குழி தோண்டி உள்ளே சில, தேர்களுக்கு முன்னால் ஓடிய காரில் சில, மீதி மாடங்களில். ஓட்டுநர்கள் நடிக்காமல் உண்மையாகவே ஓட்ட வேண்டும் என்பதற்காக ஜெயிப்பவருக்குப் பணப்பரிசு அறிவித்தார்கள். திருப்பத்தில் ஒரு தேர் கவிழ, பின்னால் வந்தவை அதன்மேல் ஏறி நொறுங்குவது உண்மையான விபத்து. நடுத்திட்டைச் சுற்றித் திரும்பும் ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று கடைசி நொடி வரை தெரியாது. நான்கு குதிரைகளை அதற்குள் இழுத்து நிறுத்தவும் முடியாது. இன்றைய ஸ்டண்ட் மாஸ்டர் ஒருவர் அந்தக் களத்துக்குப் போயிருந்தால் முதலில் கேட்டிருப்பது, திருப்பத்துக்கு மேலே கொடியோடு ஒரு ஆளைத்தான். தொழில் முன்னேறியது இப்படித்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தக் காட்சிக்கு எடுத்த ஃபிலிம் 2 லட்சம் அடி என்பது பதிவான கணக்கு. படத்தில் நின்றது 750 அடி. 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் ஓட்டினால் நிமிடத்துக்கு 90 அடி போகும். அந்த வேகத்தில் 750 அடி என்பது 8 நிமிடம் 20 நொடி. எடுத்த மொத்தத்தையும் உட்கார்ந்து பார்க்க 37 மணி நேரம் வேண்டும். படத்தொகுப்பாளர் லாயிட் நோஸ்லர் ஏறக்குறைய 267 அடிக்கு ஓர் அடி வீதம் எடுத்துக்கொண்டார். இதை ஊதாரித்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. எங்கள் பார்வை வேறு. திரும்பச் செய்ய முடியாத ஒரு ஓட்டத்துக்கு ஒற்றை கேமரா வைப்பதுதான் ஊதாரித்தனம். அதே குதிரைகளை அதே ஆபத்தில் நாற்பது முறை ஓடவிட வேண்டிவரும். ஒருமுறை ஓடவிட்டு, நாற்பது இடத்தில் பிடித்துக்கொள்வது மேல். இன்று மல்டி-கேமரா என்று சாதாரணமாகச் சொல்வதன் நியாயம் அந்தக் களத்தில் அப்போதே வேலை செய்துகொண்டிருந்தது.

அன்று அங்கே உதவியாளர்களில் ஒருவராக ஓடியாடிக்கொண்டிருந்த இளைஞர் வில்லியம் வைலர். 1959-இல் அவரே 'பென்-ஹர்' எடுத்தார். நீங்கள் 11 ஆஸ்கர் கொடுத்தீர்கள். அந்தப் படத்தின் தேர்ப்பந்தயத்தை எடுத்தவர்கள் ஆண்ட்ரூ மார்ட்டனும் ஸ்டண்ட் கலைஞர் யகிமா கனட்டும். மார்ட்டனுக்கு கோல்டன் குளோப் தனியாக ஒரு சிறப்பு விருது கொடுத்தது. உங்கள் 11-இல் ஒன்றுகூட அவர்கள் இருவர் பக்கம் வரவில்லை. கனட்டுக்கு 1966-ஆம் ஆண்டுக்கான கௌரவ ஆஸ்கர் கொடுத்தீர்கள். இன்னொரு ஸ்டண்ட் கலைஞர் ஹால் நீதம் 2012-இல் பெற்றார். சரிதான். ஆனால் கௌரவ விருது ஒரு வாழ்நாளுக்குக் கொடுக்கப்படுவது. ஒரு குறிப்பிட்ட காட்சியை வடிவமைத்தவர் யார் என்று அது சொல்லாது.

வடிவமைப்பு என்ற சொல்லை விதியில் எழுதப்போகும் உங்கள் குழுவுக்காக, செகண்ட் யூனிட் இயக்குநர் (முதன்மை இயக்குநர் இல்லாமல் தனிக் குழுவோடு இத்தகைய காட்சிகளை எடுப்பவர்) ஒரு குதிரைப்படைப் பாய்ச்சலில் என்னென்ன முடிவுகளை எடுக்கிறார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் திசை. படை இடமிருந்து வலமாகப் போகிறது என்றால், கடைசி ஷாட் வரை அப்படியே போக வேண்டும். எதிரியின் பீரங்கிகள் வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். நடுவில் படை ஓடும் பாதையைத் தாண்டி கேமரா அந்தப் பக்கம் போய்விட்டால், படை திரும்பி ஓடுவது போலத் தெரியும். எடிட்டிங் டேபிளில் இதைச் சரிசெய்ய முடியாது. ஃபிலிமைத் திருப்பிப் போட்டால் வாள் இடக்கைக்கு வந்துவிடும்.

வேகத்துக்கு வருவோம். குதிரை முதலில் நடக்கும், பிறகு துள்ளுநடை, பிறகு நாலுகால் பாய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் கேமரா வண்டி கூடவே வேகம் கூட்ட வேண்டும். வண்டி குதிரையைவிடச் சற்றே பின்தங்கினால் குதிரைகள் முந்திப் பாய்வது போலத் தெரியும். வண்டி முந்தினால் குதிரைகள் தளர்வது போலத் தெரியும். 1936-இன் அந்தப் பாய்ச்சலை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்: வேகம் படிப்படியாக ஏற ஏற ஷாட்டுகளின் நீளம் குறைந்துகொண்டே போகும். சவாரிக்காரர்கள் முடுக்கியது பாதி. மீதி கேமராவும் கத்தரியும் முடுக்கியது.

கேமராவின் ஓட்டமும் அவர் முடிவுதான். நொடிக்கு 20 ஃப்ரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் எல்லாம் 1.2 மடங்கு வேகமாகும். நான்கு நொடி எடுத்த ஓட்டம் திரையில் மூன்றே கால் நொடி சொச்சத்தில் முடியும். அதற்கும் கீழே போனால் புழுதியும் துணியும் காட்டிக்கொடுத்துவிடும். குதிரை வேகமாக ஓடலாம். புழுதி வேகமாகக் கீழே விழக் கூடாது. மலிவுப் படங்களில் சிரிப்பு வருவது அந்த இடத்தில்தான்.

இவ்வளவுக்கும் பிறகு வருவது விழுவது. இந்த இடத்தில் ஈசனைப் புகழ்வதை நிறுத்திவிட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

அக்காலத்தில் ஓடும் குதிரையை விழவைக்கப் பயன்பட்ட முறைக்கு 'ரன்னிங் டபிள்யூ' என்று பெயர். குதிரையின் முன்னங்கால்கள் இரண்டிலும், குளம்புக்குச் சற்று மேலே, தோல்பட்டை கட்டுவார்கள். அதிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி புறப்பட்டு, வயிற்றுக்குக் கீழே சேணப்பட்டையில் உள்ள வளையத்தின் வழியாகப் பின்னோக்கிப் போய், மண்ணில் ஆழப் புதைத்த கட்டையில் முடியும். காலுக்கும் வளையத்துக்கும் இடையே கம்பி ஏறி இறங்கும் வடிவத்தால்தான் அந்த எழுத்தின் பெயர் வந்தது. குதிரை முழு வேகத்தில் ஓடும். கம்பியின் நீளம் தீரும் இடத்தில் முன்னங்கால்கள் இரண்டும் ஒரே நொடியில் வயிற்றை நோக்கிச் சுண்டி இழுக்கப்படும். தலை மண்ணில் மோத, உடல் அதன்மேல் கரணம் அடிக்கும். கம்பி எங்கே தீரும் என்று சவாரிக்காரருக்குத் தெரியும். அங்கவடியிலிருந்து காலை முன்பே உருவிக்கொண்டு தூரமாகத் தெறித்து விழுவார். குதிரைக்குத் தெரியாது.

தவறு எங்கெல்லாம் நேரும்? விழும் இடத்தில் மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி மணல் கொட்டாவிட்டால் கழுத்து முறியும். கம்பிகள் சமமாக இல்லாவிட்டால் ஒரு கால் முன்னதாக இழுபட்டு எலும்பு உடையும். கம்பி தீரும் இடத்தைச் சவாரிக்காரர் தப்பாகக் கணித்தால் குதிரை அவர்மேல் உருளும். ஒற்றைக் குதிரையில் இவற்றையெல்லாம் ஒரு கைதேர்ந்தவர் கவனித்துக்கொள்ள முடியும். கனட் முந்நூறு முறை போலச் செய்ததாகவும் ஒரு குதிரையும் முடமாகவில்லை என்றும் தன் வாழ்க்கைக் கதையில் சொல்லியிருக்கிறார். ஆனால் படை முழுக்கப் பாயும்போது, முன்வரிசைக் குதிரை விழும் இடத்தில் பின்வரிசை வந்து ஏறும். அதன் கீழ் மண் பதமாக இருக்காது. அதன் சவாரிக்காரருக்கும் எதிர்பார்ப்பு இருக்காது. ஒற்றை ஆளின் கைத்திறனை வரிசை வரிசையாகப் பெருக்க முடியாது. 1936 பாய்ச்சலின் அடிப்படைக் குற்றம் அதுதான்.

அந்தப் பாய்ச்சலுக்காக 125 குதிரைகளுக்குக் கம்பி கட்டியதாகவும், அவற்றில் 25 அங்கேயே இறந்தோ பிறகு கொல்லப்பட்டோ போனதாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு ஸ்டண்ட்காரரும் உயிரிழந்தார். எரல் ஃப்ளின் கொதித்துப்போனார். 'பென்-ஹர்' கணக்கும் சுத்தமாக இல்லை. வில்லனாக நடித்த ஃப்ரான்சிஸ் எக்ஸ். புஷ்மன் பிற்காலத்தில், ரோம் படப்பிடிப்பில் மட்டும் நூறு குதிரைகள் போல இறந்தன என்றார். 1937-இல் பிரிட்டன், விலங்குகளை வதைத்து எடுத்த காட்சிகளைத் திரையிடவே சட்டப்படி தடை போட்டது. 1939-இல் 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காகக் குன்றிலிருந்து நீருக்குள் பாய்ச்சிய குதிரை இறந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பின் பேரில்தான் 1940-இல் அமெரிக்கன் ஹியூமேன் என்ற விலங்கு நல அமைப்பு ஹாலிவுட்டில் அலுவலகம் போட்டுப் படப்பிடிப்புகளைக் கண்காணிக்க ஆரம்பித்தது.

பிறகு வந்தது பழக்கிய குதிரை. கடிவாளத்தை ஒரு பக்கமாக இழுத்துத் தலையைத் திருப்பினால், அது தானே தோளைச் சாய்த்துப் பக்கவாட்டில் விழும். விழும் இடத்தில் மெத்து மணல் குழி இருக்கும். கம்பி கட்டிய குதிரை தலைகுப்புறப் போகும். பழகிய குதிரை சரிந்து விழும். இந்த வேறுபாடு தெரிந்த கண்ணுக்கு, பழைய படம் ஒன்றைப் பார்த்ததும் எந்த விழுகை எந்த வகை என்று சொல்லிவிட முடியும். பார்த்துப் பழகுங்கள், அதன்பின் அந்தப் பாய்ச்சலை முன்போல ரசிக்க முடியாது. நாங்களும் முழுதாக ரசிப்பதில்லை.

இடையில் ஈசன் சீரியல்களில் உழைத்தார். மாஸ்கட் கம்பெனியில் இருவர் சேர்ந்து இயக்குவார்கள்: ஒருவர் இன்று படம் பிடித்தால், மற்றவர் நாளைய ஷாட்டுகளுக்குத் திட்டம் போடுவார். 12 அத்தியாயம் என்றால் முதலாவது முப்பது நிமிடம் போல, மற்றவை இருபது நிமிடம் போல. நான்கு மணி நேரப் படத்தைச் சில வாரங்களில் முடித்தாக வேண்டும். 1935-இல் ஜீன் ஆட்ரி நடித்த 'தி ஃபேண்டம் எம்பயர்' ஆட்டோ ப்ரௌவரோடு சேர்ந்து எடுத்தது. அதே ஆண்டு டாம் மிக்ஸின் கடைசிப் படமான 'தி மிராக்கிள் ரைடர்' ஆர்மண்ட் ஷேஃபரோடு. அடுத்த ஆண்டு ஜோசப் கேனோடு ரிபப்ளிக் கம்பெனியின் முதல் சீரியல். 1943-இல் கொலம்பியாவுக்காக 'தி ஃபேண்டம்'. ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவியாக எங்கள் வீடுகளுக்கு வந்தாரே, அவரேதான். மாஸ்கட்டின் கெடுபிடியில் பழகிய கை, 1938 டிசம்பரில் கல்வர் சிட்டியில் பழைய செட்டுகளைக் கொளுத்தி 'கான் வித் த விண்ட்' அட்லாண்டா தீயை எடுத்த படத்திலும், 1946-இன் 'டூயல் இன் த சன்' படத்திலும் செகண்ட் யூனிட்டை நடத்தியது.

இனி எங்கள் கோரிக்கைகள்.

விதியை எழுதும்போது 'வடிவமைப்பாளர்' யார் என்பதை வேலையை வைத்துத் தீர்மானியுங்கள். பதவிப் பெயரை வைத்து வேண்டாம். மேலே சொன்ன திசை, வேகம், கேமரா இடம், விழும் இடம் ஆகிய நான்கையும் முடிவு செய்தவர் யார் என்று தயாரிப்பு நிறுவனம் எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். சில படங்களில் அது ஸ்டண்ட் மாஸ்டராக இருக்கும், சிலவற்றில் செகண்ட் யூனிட் இயக்குநர், சிலவற்றில் இருவரும். இருவர் என்றால் இருவர் பெயரும் மேடையில் வரட்டும். 1937-இல் நேர்ந்தது திரும்ப நேராமல் இருக்க இது ஒன்றே போதும்.

பரிந்துரைக்கு வரும் ஒவ்வொரு படத்தோடும் களத்தின் வரைபடமும், ஒத்திகை நாட்களின் எண்ணிக்கையும், காயக் குறிப்பேடும் வர வேண்டும். விலங்குகள் இருந்தால் ஒவ்வொன்றும் எப்படி விழுந்தது என்பதும் அதில் இருக்கட்டும். கணினியில் உருவாக்கிய குதிரை என்றால் அதையும் சொல்லட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஈசனுக்கு மறைவுக்குப் பிந்தைய சிலை எதையும் நாங்கள் கேட்கவில்லை. சிலை கொடுத்தால் கணக்கு தீர்ந்துவிட்டது போல ஆகிவிடும். லாஸ் ஏஞ்சலஸில் 2021-இல் நீங்கள் திறந்த அருங்காட்சியகத்தில், நூறாவது விழாவுக்கு முன், ஒரு சுவரில் ஒரு திரை போதும். ஒரு பக்கம் 1925 தேர்ப்பந்தயம், மறுபக்கம் 1936 பாய்ச்சல், இரண்டும் சரியான வேகத்தில் ஓடட்டும். 1925 படத்தை ஒலிப்பட வேகத்துக்கு விரட்டி ஓட்டாமல், அது எடுக்கப்பட்ட வேகத்தைக் கணித்து ஓட்டுங்கள். கீழே ஒரு அட்டை. அதில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: இயக்கம், பி. ரீவ்ஸ் ஈசன். கேமராக்கள் 42. தேர்கள் 12. கம்பி கட்டிய குதிரைகள் 125. எழுந்திருக்காதவை 25.

இப்படிக்கு,
பழைய படங்களின் பாய்ச்சல்களை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்க்கும் சிலர்